தடியன், நடுவன், பாட்டுக்காரி

எங்கள் வீட்டுக்காரர் சவரம் செய்துகொள்வதைப் பார்க்க எனக்கு ரொம்பப் பிடிக்கும். இதை அவரிடம் நான் சொன்னதே இல்லை. சொன்னால் மனுஷனுக்குத் தலைகால் புரியாது. ஏற்கெனவே அந்த மூன்று கத்திகளையும் அவர் தாங்குகிற தாங்கலைப் பார்த்து, இவ்வளவு தாங்கலில் காலே அரைக்கால் நமக்குக் கிடைத்தால் தேவலை என்று நினைத்திருக்கிறேன்.

அவர் தாலுகா ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். சங்கரன்கோவிலில், கோபுரம் தெரிகிற தூரத்தில் வீடு. புறவாசல் நிலையில் ஆணி அடித்து ஒரு கண்ணாடி தொங்கும். அதன் கீழே ஒரு எவர்சில்வர் சட்டி, வெந்நீர், சோப்பு நுரை, படிகாரக் கல். பக்கத்து ஜன்னல் கம்பியில் கத்தி தீட்ட ஒரு தோல் வார். காலையில் நான் காபி போடும்போது அந்த வாரில் கத்தி போய் வருகிற சத்தம் கேட்கும். போகும்போது ஒரு சத்தம், திரும்பும்போது ஒரு சத்தம். எங்கள் வீட்டில் பொழுது விடிவது அப்படித்தான்.

மூன்றும் மடக்குகிற சவரக் கத்திகள். கைப்பிடிக்குள் மடங்கியிருக்கும்போது மூன்றும் ஒன்றுதான் என்று தோன்றும். விரித்துப் பார்த்தால்தான் தெரியும். ஒன்று முதுகிலிருந்து கூர் வரைக்கும் ஆப்பு மாதிரி நேராகச் சரிந்து வரும். கனம். மதுரையில் ஒரு பழைய சாமான் கடையில் துருப்பிடித்துக் கிடந்ததை எடுத்து வந்து, மாதக்கணக்கில் கல்லில் தேய்த்து உயிர் கொடுத்தார். அதற்கு நான் வைத்த பேர் தடியன். இன்னொன்று இரண்டு பக்கமும் கொஞ்சம் குழிவாகக் கடைந்தது. போனில் பார்த்து ஆர்டர் போட்டு வரவழைத்தது. அது நடுவன். மூன்றாவதை இரண்டு பக்கமும் ஆழமாகக் குடைந்து குடைந்து எடுத்திருப்பார்கள். முதுகு மட்டும் தடிமன், அதற்குக் கீழே வெங்காயச் சருகுதான். நகத்தால் கூர் விளிம்பை லேசாக நிமிண்டினால் ணிங்கென்று சொல்லும். சவரம் செய்யும்போது ஒவ்வொரு முடியையும் அறுக்கிற சத்தம் அடுப்படி வரைக்கும் வரும். அதுதான் பாட்டுக்காரி.

பாட்டுக்காரி வெளிநாட்டிலிருந்து வந்தவள். இவருடைய காலேஜ் கூட்டாளி ஒருவர், கடையநல்லூர்க்காரர், துபாயில் துணிக்கடையில் இருந்தவர், ஊருக்கு வந்தபோது கொண்டு வந்து கொடுத்தார். கொடுத்துவிட்டு எங்கள் வீட்டு ஹாலிலேயே அதை விரித்து, நகத்தால் தட்டிக் காட்டினார்.

"சவுண்டக் கேளும் வே. மாஷா அல்லா, வீணை தோத்துரும். ஒமக்குன்னே தேடிப் புடிச்சது."

அன்றைக்கு இரண்டு பேரும் காபியை ஆறவிட்டுவிட்டு அந்தக் கத்தியைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் எழுந்து உள்ளே போய்விட்டேன்.

எந்த நாளில் எந்தக் கத்தி என்பதை அவர் பஞ்சாங்கத்தை வைத்துத்தான் முடிவு செய்வார். சிரிக்காதீர்கள், நிஜம்தான். செவ்வாயும் வெள்ளியும் எங்கள் வீட்டில் முகத்தில் கத்தி வைக்கக் கூடாது. அதனால் புதனும் சனியும் ஒரு நாள் முடி கூடுதலாக இருக்கும். அதற்கு நடுவன். வெள்ளிக்கு முன்னாலோ பின்னாலோ அமாவாசை வந்து ஒட்டிக்கொண்டால் தாடி நன்றாக முள்ளாகிவிடும். அதற்குத் தடியன். தடியன் சத்தமே போட மாட்டான். தன் கனத்திலேயே இறங்கி, கேட்காமல் கொள்ளாமல் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போவான். மற்ற நாளெல்லாம் பாட்டுக்காரி. மெல்லிய கத்தி, மெல்லிய முடி. "மூணுக்கும் மூணு கொணம். ஆளறிஞ்சு வேலை குடுக்கணும்" என்பார். தாலுகா ஆபீஸில் அப்படித்தான் கொடுத்தாரா என்று கேட்டால் மட்டும் கத்தியைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்.

அவர் கையைப் பார்க்க வேண்டும். வலது கன்னத்துக்கு வலது கை, இடது கன்னத்துக்கு இடது கை. மூக்கைத் தாண்டி ஒரே கையை வளைத்து வளைத்து இழுக்கிறவன் அரைகுறை என்பது அவர் கட்சி. கத்தியின் முதுகைக் கன்னத்தோடு ஏறக்குறையப் படுக்க வைத்து, இன்னொரு கையால் தோலை இழுத்துப் பிடித்து, ஒரே இழுப்பு. உடனே அந்த இடத்தை விரல் நுனியால் தடவிப் பார்ப்பார். கண்ணாடியைப் பார்க்கவே மாட்டார். விரல்தான் பார்க்கும். எங்கே மிச்சம் இருக்கிறது, முடி எந்தப் பக்கம் சாய்கிறது என்று விரல் சொல்லும், கத்தி கேட்கும். முடிந்ததும் இரண்டு கன்னங்களையும் தடவிப் பார்த்துக்கொண்டு என் பக்கம் திரும்புகிற முகம் இருக்கிறதே, அதற்காகத்தான் நான் காபியை அந்த நேரத்துக்குக் கொண்டு போவது. இதையும் அவரிடம் சொன்னதில்லை.

போன பங்குனியில் காய்கறிச் சந்தையில் அவர் கையிலிருந்த பை நழுவி விழுந்தது. வெண்டைக்காயெல்லாம் உருண்டு ஓடியது. குனிந்து பொறுக்கப் பார்த்தார், விரல் மடங்கவில்லை. திருநெல்வேலிக்குக் கூட்டிக்கொண்டு ஓடினோம். லேசான பக்கவாதம் என்றார்கள். பேச்சு தப்பியது, முகம் தப்பியது, கால் தப்பியது. வலது கை மட்டும் மாட்டிக்கொண்டது. கோமதியம்மன் காப்பாற்றினாள் என்றுதான் நானும் சொன்னேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நாள், சுடச்சுட இருந்த டம்ளரை அந்தக் கையால் பிடித்துக்கொண்டு அவர் பேசிக்கொண்டே இருந்தார். நான் பதறிப்போய்ப் பிடுங்கினேன். விரல் நுனியில் கொப்புளம். அவருக்குச் சூடே தெரியவில்லை.

டாக்டரிடம் மறுபடியும் போனோம். "பெலன் கொஞ்சங் கொஞ்சமா வந்துரும். உணர்ச்சி வரலாம், வராமலும் போவலாம். இப்பவே சொல்ல முடியாதும்மா" என்றார். பந்தை அழுத்தச் சொன்னார்கள், அழுத்தினார். பயறை ஒவ்வொன்றாகப் பொறுக்கச் சொன்னார்கள், பொறுக்கினார். ஆனால் கண்ணை மூடிக்கொண்டால் விரலில் இருப்பது பயறா ஒன்றுமே இல்லையா என்று அவருக்குத் தெரியாது. அந்த விரல்களுக்கு உணர்ச்சி திரும்புமா என்பது தவிர எங்கள் வீட்டில் அப்போது வேறு கேள்வியே இல்லை.

கத்திப் பெட்டியை மூடி அலமாரியின் மேல் தட்டில் வைத்துவிட்டார். தெருமுனை சலூன்காரரை வீட்டுக்கு வரச் சொல்லட்டுமா என்று கேட்டேன்.

"அவரு நல்லா செய்வாரு. ஆனா இந்த மூஞ்சிக்கு அந்த மூணும் பழகிப்போச்சு."

"அப்ப நான் செஞ்சு விடவா?"

"நீயா? நடுவுல ஒனக்குக் கோவம் வந்தா என் கழுத்து என்னத்துக்கு ஆவும்?"

சிரித்துவிட்டோம். பேச்சு அதோடு போயிற்று. தாடி வளர்ந்தது. மகள் பெங்களூரிலிருந்து வீடியோ காலில் பார்த்துவிட்டு, ஸ்டைலாக இருக்கிறது அப்பா என்றாள். அவர் சிரித்து வைத்தார். வெயிலில் அது அவருக்கு அரித்துத் தள்ளியது. கோயில் புற்றுமண்ணைக் குழைத்துத் தாடிக்குள் விரலை விட்டுத் தடவிவிடுவேன். சின்னப் பிள்ளை மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டு இருப்பார். எனக்கு அந்தத் தாடியின் மேல் அப்படிக் கோபம் வந்தது. என் காலையைப் பிடுங்கிக்கொண்டதே அதுதான் என்று தோன்றும்.

ஆனி முடிகிற சமயம், கோயில் வாசலில் பூ வாங்கினேன். பூக்காரம்மா பூவை அளந்துகொண்டே கேட்டாள்.

"டீச்சரக்கா, சாரு ஆடித்தபசுக்குத் தாடி விட்டுருக்காகளாமே? காட்சி பாத்துட்டுத்தான் எடுப்பாகளாம்?"

"யாரு சொன்னா?"

"டீக்கடையில அவுகளே சொன்னாகளாம். எங்க வீட்டுக்காரரு கேட்டுட்டு வந்து சொன்னாரு. அம்மன் கைவிட மாட்டாக்கா."

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியவில்லை. அவர் நாற்காலியில் உட்கார்ந்து பந்தை அழுத்திக்கொண்டிருந்தார்.

"எப்ப நேர்ந்தீங்க? எனக்குத் தெரியாம?"

முதலில் புரியாத மாதிரி பார்த்தார். பிறகு முகம் விழுந்துவிட்டது.

"ஏட்டி, எல்லாரும் என்ன தாடி, என்ன தாடின்னு கேக்குதானுவ. கை வெளங்கலன்னு சொல்ல முடியுமா? ஒரு பேச்சுக்கு நேர்ச்சைன்னு சொல்லிட்டேன்."

"ஒரு பேச்சுக்குச் சொல்ல ஒங்களுக்கு அம்மனா கெடச்சா?"

"அதான் சொல்லுதேன்லா, சும்மா சொன்னதுன்னு."

"அம்மன் பேரச் சொல்லிட்டா சும்மா கெடையாது. சொன்னது பொய்யி, நேர்ச்சை நெசம். தபசு வரைக்கும் தாடி இருக்கும்."

தலையில் கை வைத்துக்கொண்டார். இடது கை. பொய் சொன்னவர் அவர், அதை மெய்யாக்கியவள் நான். எங்கள் ஊரில் இப்படித்தான் நடக்கும். தாடிக்கு வேறு எந்தக் காரணத்தைச் சொல்லியிருந்தாலும் மறுநாளே மாற்றிச் சொல்லிக்கொள்ளலாம். அம்மனை இழுத்துவிட்டால் தெருவே நாள் எண்ணும்.

ஆடி பிறந்து கொடியேறியது. அம்மன் ஒற்றைக் காலில் தவம் நிற்கிற அந்த நாட்களில், அந்தக் கால் வலியில் நாமும் பங்கு கேட்டுக்கொண்டு கோயிலைச் சுற்றிச் சுற்றி வருவது எங்கள் ஊர் வழக்கம். ஆடிச்சுற்று என்போம். நானும் சுற்றினேன். முழங்கால் கெஞ்சியது. அந்த விரல்களை மட்டும் திருப்பிக் கொடு தாயே என்பதுதான் ஒவ்வொரு சுற்றுக்கும் வேண்டுதல். வீட்டுக்கு வந்து காலுக்குத் தைலம் தேய்க்கும்போது அவர் தன் தாடியை நீவிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருப்பார். "நான் கால் வலிக்கச் சுத்துதேன். நீங்க உக்காந்த எடத்துலயே நேர்ச்சை செலுத்துதிய" என்பேன். அவரும் விடமாட்டார். "அரிக்கிது பாரு, அதுவும் தவந்தான்" என்பார்.

தபசு நாளில் ஊர் கொள்ளவில்லை. சிவகிரிப் பக்கமிருந்தும் பனவடலிசத்திரம் பக்கமிருந்தும் வண்டி வண்டியாக ஜனம். சாயங்காலம் சுவாமி ஒரு பாதி சிவனும் ஒரு பாதி பெருமாளுமாக, சங்கரநாராயணராக அம்மனுக்குக் காட்சி கொடுத்தபோது, சம்சாரிகள் தங்கள் வயலில் விளைந்த பருத்தியையும் வத்தலையும் அள்ளி வீசினார்கள். என் தலையில் ஒரு மிளகாய் வத்தல் விழுந்தது. திரும்பி அவரைப் பார்த்தேன். இடது கையால் வலது கையைத் தூக்கிப் பிடித்து, இரண்டையும் சேர்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து தாடிக்குள் போனது. எனக்கு அதற்கு மேல் சுவாமியைப் பார்க்க முடியவில்லை. இந்தத் தாடியை ஆரம்பத்தில் பொய் என்று சொன்னேனே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

நல்லவேளையாக மறுநாள் செவ்வாயுமில்லை, வெள்ளியுமில்லை. காலையில் அவர் அலமாரி மேல் தட்டிலிருந்து பெட்டியை இறக்கச் சொன்னார். சலூனுக்குப் போகலாமே என்றேன். எடுப்பதாகத்தானே சொன்னேன், இன்னார் கத்தியால் என்று சொல்லவில்லையே என்றார். தாலுகா ஆபீஸ் புத்தி. தையல் கத்தரியால் தாடியை நான் ஒட்ட வெட்டிவிட்டேன். மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போய்க் காபியைப் போடு என்று அனுப்பிவிட்டார்.

அடுப்படியில் நின்றுகொண்டு காதை அங்கே வைத்திருந்தேன். வாரில் கத்தி போய் வரும் சத்தம் கேட்டது. முன்னைவிட மெதுவாக, ஆனால் அதே சத்தம். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. தடியன் வேலை செய்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் பாட்டுக்காரி பாடினாள். பங்குனிக்குப் பிறகு முதல் தடவையாக. பால் பொங்கி அடுப்பில் வழிந்தது, நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

காபியோடு போனால், மனுஷன் பாதி முகத்தோடு நின்றுகொண்டிருக்கிறார். இடது பக்கம் வழவழவென்று பழைய முகம். வலது பக்கம் தாடி. அவருடைய இடது கைக்கு ஒரு குறையுமில்லை, அதன் பங்கை அது செய்து முடித்துவிட்டது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"நேத்துப் பாத்த காட்சி போதாதுன்னு வீட்டுலயும் ஒரு காட்சியா?"

அவரும் சிரித்தார். பிறகு வலது கையால் தடியனை எடுக்கப் பார்த்தார். விரல் மடங்கியது. பிடித்தும் விட்டார். ஆனால் பிடித்திருக்கிறோமா என்று அந்த விரல்களுக்குத் தெரியவில்லை. கத்தி சட்டிக்குள் விழுந்து ணங்கென்றது. இடது கையைக் குறுக்கே வளைத்துக்கூடச் செய்திருக்கலாம். அரைகுறைகள் செய்வதை அவர் செய்ய மாட்டார். இடது கையால் கத்தியை எடுத்துத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். இத்தனை மாதமும் தாடி விட்டதன் காரணம் அப்போதுதான் எனக்கு முழுசாக விளங்கியது. பாதிக்கு அவரே போதும். மீதிப் பாதிக்கு இன்னொருவரைக் கேட்க வேண்டும். அதற்குப் பயந்துதான் முழுத் தாடியும்.

கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டார். "கோவமா இருக்கியா?"

"இல்ல."

"அப்ப இந்தா" என்று கத்திப் பெட்டியை என் பக்கம் நகர்த்தினார்.

அவரை நாற்காலியில் உட்கார வைத்தேன். நுரையைத் தடவினேன். கடைசியாக என் காதில் விழுந்தது பாட்டுக்காரியின் பாட்டுத்தானே, நானும் அவளைத்தான் எடுத்தேன். அந்த முள்ளுத் தாடியில் வைத்து இழுத்தேனோ இல்லையோ, மெல்லிய கத்தி வளைந்து, தடதடவென்று துள்ளி, காதுக்குக் கீழே ஒரு இடத்தில் கீறிவிட்டது. நுரையில் சிவப்பு. சட்டென்று கத்தியை எடுத்துவிட்டேன். அவர் ஆடவில்லை, அசையவில்லை.

"அவ பாட்டுக்குத்தான். காட்டுக்கு இல்ல. தடியன எடு. முதுகு கன்னத்தோட படுக்கட்டும். நீ அமுக்காத, அவன் கனத்துக்கு அவனே போவான்."

படிகாரத்தை வைத்து ஒற்றிவிட்டுத் தடியனை எடுத்தேன். அவர் சொன்னது சரி. நான் செய்ய வேண்டியது தோலை இழுத்துப் பிடிப்பதும், அவன் போகிற போக்கில் கூடப் போவதும்தான். கனமான கத்தி பயந்த கைக்கு ஒரு தைரியம் கொடுக்கிறது. சத்தமே இல்லாமல் பட்டை பட்டையாகத் தாடி போயிற்று. உள்ளேயிருந்து எனக்குத் தெரிந்த கன்னம் வந்தது. கழுத்துக்கு வந்தபோது அவர் தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். இந்த வீட்டில் என் வாய்க்குப் பயப்படாதவர் யாருமில்லை. அவருடைய தொண்டை என் கத்திக்குக் கீழே அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

இரண்டாவது முறை நுரை போட்டுப் பாட்டுக்காரியை எடுத்தேன். இந்தத் தடவை அவள் துள்ளவில்லை. மெதுவாக இழுத்தேன். பாடினாள். அடுப்படியிலிருந்து கேட்ட சத்தம் வேறு, கைக்குள் கேட்கிற சத்தம் வேறு. கைப்பிடி வழியாக விரலுக்கு வந்து முழங்கை வரைக்கும் ஏறுகிறது. ஒவ்வொரு முடியும் அறுபடுவது தெரிகிறது. இதைத்தான் இந்த மனுஷன் இத்தனை காலமும் கேட்டுக்கொண்டிருந்தாரா என்று பொறாமையாகக்கூட இருந்தது. துண்டால் துடைத்துவிட்டு, பெருமையோடு கத்தியைக் கழுவத் திரும்பினேன். என் முதுகுக்குப் பின்னால் அவர் குரல் வந்தது.

"ஏட்டி, தாடைக்குக் கீழ நாலு முடிய விட்டுட்ட. குத்துது."

எனக்கு வந்ததே கோபம். பயந்து பயந்து இவ்வளவு செய்திருக்கிறேன், குற்றமா கண்டுபிடிக்கிறீர்கள் என்று வாய் வரைக்கும் வந்த பேச்சோடு திரும்பினேன். அவர் தலையை அண்ணாந்து வைத்திருந்தார். தாடையின் கீழ் விரல் போய் வந்துகொண்டிருந்தது. வலது கை விரல்.

"எந்த விரல்ல குத்துது?" என்றேன்.

அவர் நிறுத்தினார். கையைக் கண்ணுக்கு முன்னால் கொண்டு வந்து பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு மறுபடியும் அதே இடத்துக்குக் கொண்டு போனார். மெதுவாகத் தடவினார். "இந்த விரல்லதான்" என்றார்.

நான் அழுதுவிட்டேன். மறைக்க என்ன இருக்கிறது, சத்தம் போட்டே அழுதேன். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, இருங்கள், அதையும் எடுத்துவிடுகிறேன் என்று பாட்டுக்காரியை விரித்தேன்.

"வேண்டாம்ட்டி, இருக்கட்டும்" என்றார்.

அன்று முழுக்க அந்த நாலு முடியைத் தடவிக்கொண்டே இருந்தார்.